பத்து இறாத்தல் உருக்கைச் சுமந்தவர்

திருக்குறளின் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்திலே, மாணவர்கள் அடிக்கடி கேள்வி எழுப்பும் குறள் ஒன்றுண்டு. பொறி வாய்க்கப்பெறாமை எவருக்கும் இழிவாகாது. அறிய வேண்டியவற்றை அறிந்து அதன்வழி முயலாதிருத்தலே இழிவு என்பது அதன் கருத்து. 'பொறி' என்ற சொல்லுக்கு விதி என்று பொருள் கண்டார் பரிமேலழகர். உடலுறுப்பு என்று பொருள் கொள்வாரும் உளர். இரண்டில் எது பொருந்தும் என்று மாணவர் கேட்பர். இரண்டுமே ஒருவரிடத்தில் பொருந்தி நின்ற வரலாறு ஒன்றுண்டு. விதியும் கைவிட்டது, கால்களும் கைவிட்டன. ஆயினும் அவர் தம் நாட்டை இரு பெரும் நெருக்கடிகளின் ஊடாக நடத்திச் சென்றார். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 32ஆவது ஜனாதிபதியும், அப்பதவிக்கு நான்கு முறை தெரிவுசெய்யப்பட்ட ஒரே மனிதருமான பிராங்ளின் டெலனோ ரூஸ்வெல்ட் அவர்களின் வரலாறே அது.

நேயர்களே, ஊனத்தை வென்ற தலைவர் என்று இவரைப் பற்றிச் சொல்வது வழக்கம். அந்தச் சொல் முழு உண்மையன்று. அவர் ஊனத்தை வெல்லவில்லை. நோயுற்ற நாள் முதல் இறக்கும் நாள் வரை அவரால் துணையின்றி நடக்க முடிந்ததே இல்லை. அவர் செய்தது வேறு. எது மீளாது, எது மீளும் என்பதை அறிந்தார். அறிந்தபின் மீளக்கூடியதில் தம் முயற்சி முழுவதையும் செலுத்தினார். 'அறிந்து முயலுதல்' என்று குறள் சொல்லும் அந்த அறிவே இவரது வரலாற்றின் திறவுகோல்.

ரூஸ்வெல்ட் 1882ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தில், ஹட்சன் நதிக்கரையிலுள்ள ஹைட் பார்க் என்னும் ஊரில் பிறந்தார். செல்வக் குடும்பம். தாய் சாராவுக்கு ஒரே பிள்ளை. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் படித்துச் சட்டத்துறையிலும் பயின்றார். 1905இல், அப்போதைய ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டின் சகோதரர் மகளான எலியனோரை மணந்தார். 1910இல் நியூயோர்க் மாநில செனட் சபைக்குத் தெரிவானார். 1913 முதல் 1920 வரை கடற்படை உதவிச் செயலாளராக இருந்தார். 1920இல் ஜனநாயகக் கட்சி அவரை உபஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியது. கட்சி தோற்றபோதும் அவருடைய பெயர் நாடெங்கும் பரவியது. உயரமான உடல், கவர்ச்சியான முகம், விளையாட்டிலும் படகோட்டுவதிலும் தணியாத ஆசை. வாழ்க்கை அவருக்கு அதுவரை எதையும் மறுத்ததில்லை.

1921ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கனடாவைச் சேர்ந்த கம்போபெல்லோ தீவிலுள்ள தமது கோடைகால வீட்டுக்கு அவர் சென்றிருந்தார். 10ஆம் திகதி பிள்ளைகளோடு படகில் போனார். வழியிலே ஒரு சிறு தீவில் பற்றைக்காடு எரிவதைக் கண்டு, எல்லோருமாக இறங்கி நெருப்பை அடித்து அணைத்தார்கள். பின்னர் நீந்தினார். வீடு திரும்பி, ஈர உடையோடு இருந்தபடியே கடிதங்களை வாசித்தார். உடல் நடுங்கவே இரவுணவும் கொள்ளாமல் படுக்கைக்குச் சென்றார். மறுநாள் ஒரு கால் தளர்ந்தது. இரண்டொரு நாட்களில் இரு கால்களும் அசையவில்லை. வயது முப்பத்தொன்பது.

முதலில் பார்த்த வைத்தியர்கள் நோயைச் சரியாக இனங்காணவில்லை. முதுகுத்தண்டில் இரத்தக்கட்டி என்று எண்ணிக் கால்களைப் பிடித்துவிடுமாறு கூறினர். வலியில் துடித்தவரை எலியனோரும், அவருடைய அரசியல் உதவியாளர் லூயிஸ் ஹோவும் மாறி மாறிப் பராமரித்தனர். ஓகஸ்ட் 25ஆம் திகதியே வைத்தியர் றொபேட் லவெற் வந்து, இது இளம்பிள்ளைவாதம் என்றார். போலியோ என நாம் இன்று அழைக்கும் நோய் அது. அது கில்லன்-பரே என்னும் வேறொரு நரம்பு நோயாக இருந்திருக்கலாம் என 2003ஆம் ஆண்டு ஆய்வாளர் சிலர் எழுதியதும் உண்டு. பெயர் எதுவானாலும் விளைவு ஒன்றே.

அதன் பின்னர் அந்த வீட்டில் ஒரு போராட்டம் நடந்தது. மகன் ஹைட் பார்க்குக்குத் திரும்பி, தோட்டத்தையும் புத்தகங்களையும் தபால் முத்திரைத் தொகுப்பையும் பார்த்துக்கொண்டு அமைதியாக வாழ வேண்டும் என்பது தாயின் விருப்பம். பெற்ற மனம் அது, குறை சொல்வதற்கில்லை. எலியனோரும் ஹோவும் அதற்கு உடன்படவில்லை. அவரைப் பொதுவாழ்விலிருந்து விலக்கினால் எஞ்சியிருக்கும் உயிரும் வற்றிப்போகும் என்று அவர்கள் கருதினர். கூச்ச சுபாவம் கொண்ட எலியனோர், கணவரின் பெயர் மக்கள் மனத்தில் மங்காதிருக்க மேடையேறிப் பேசப் பழகினார். ஹோ கடிதங்கள் மூலம் கட்சித் தொடர்புகளைக் காத்தார்.

ரூஸ்வெல்ட் தம் பங்கைச் செய்தார். கட்டிலுக்கு மேலே கட்டிய வளையங்களைப் பற்றித் தோள்களையும் கைகளையும் வலுப்படுத்தினார். இடுப்பிலிருந்து பாதம் வரை நீளும் உருக்குப் பட்டைகளைக் கால்களில் பூட்டி, கக்கத்தில் ஊன்றுகோல்களை இடுக்கி, ஹைட் பார்க் வீட்டு வாயிலிலிருந்து பெருந்தெரு வரை நடந்துவிட வேண்டும் என்று நாள்தோறும் முயன்றார். தூரம் ஏறத்தாழ கால் மைல். வியர்வை சொட்டச் சொட்ட ஒவ்வோர் அடியாக நகர்வார். அந்தத் தெருவை அவர் ஒருநாளும் எட்டவில்லை என்கின்றனர் வரலாற்றாசிரியர். இன்னொன்றையும் பயின்றார். வீட்டில் தீப்பிடித்தால் தன்னால் ஓட முடியாதே என்ற அச்சம் அவருக்கு இருந்தது. ஆகவே தரையில் தவழவும், கைகளாலே உடலை இழுத்து மாடிப்படி ஏறவும் தம்மைப் பழக்கிக்கொண்டார். செல்வச் சீமானின் ஒரே மகன், நாற்பது வயதில், பிள்ளைகள் பார்த்திருக்கத் தவழ்ந்தார். இதற்கு வேண்டிய துணிவு போர்க்களத்துத் துணிவுக்குச் சற்றும் குறைந்ததன்று.

1924ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் திகதி நியூயோர்க் மடிசன் சதுக்க மண்டபத்திலே ஜனநாயகக் கட்சியின் மாநாடு நடந்தது. அல் ஸ்மித்தை ஜனாதிபதி வேட்பாளராக முன்மொழிய ரூஸ்வெல்ட் வந்தார். பேச்சு மேசையருகே போனதும் அதில் சாய்ந்தே நிற்க வேண்டும். அது தன் பாரத்தைத் தாங்குமா என முன்னரே ஒருவரை அசைத்துப் பார்க்கச் சொன்னார். பதினாறு வயது மகன் ஜேம்ஸின் துணையோடு வந்தவர், கடைசிச் சில அடிகளை இரு ஊன்றுகோல்களோடு தனியே கடந்தார். மண்டபம் மூச்சடக்கி இருந்தது. மேசையைப் பற்றி நிமிர்ந்து, தலையை உயர்த்திச் சிரித்தபோது எழுந்த ஆரவாரம் நெடுநேரம் அடங்கவில்லை. ஸ்மித்துக்கு அந்த முறை வேட்பாளர் பதவி கிடைக்கவில்லை. ஆனால் முன்மொழிந்தவர் அரசியலுக்குத் திரும்பிவிட்டார்.

அதே ஆண்டு ஒக்டோபரில் அவர் தென்மாநிலமான ஜோர்ஜியாவின் வோர்ம் ஸ்பிறிங்ஸ் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்குள்ள இயற்கை வெந்நீரூற்றில் நீந்தினால் தளர்ந்த கால் வலுப்பெறும் என்று கேள்விப்பட்டிருந்தார். நீரிலே உடல் மிதந்தது. கால்கள் சிறிது அசைந்தன. மகிழ்ச்சி மிகுந்து, 1926இல் தம் செல்வத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டு, ஏறத்தாழ இரண்டு இலட்சம் டொலருக்கு அந்த இடத்தையே வாங்கினார். போலியோவால் பாதிக்கப்பட்டோருக்கான சிகிச்சை நிலையமாக அதை மாற்றினார். தம் கால்கள் குணமாகவில்லை என்பது காலப்போக்கில் தெளிவாயிற்று. நிலையத்தை அவர் கைவிடவில்லை. சிறுவர்களோடு நீரில் விளையாடினார். அவர்களுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அங்கே ஊன்றுகோல் வெட்கத்துக்குரிய பொருளாக இருக்கவில்லை.

வோர்ம் ஸ்பிறிங்ஸ் அவருக்குத் தந்த பாடம் இன்னொன்றும் உண்டு. கைகளாலேயே இயக்கத்தக்கதாக அமைக்கப்பட்ட மோட்டார் காரில் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களுக்குச் செல்வார். வயல் வரம்பருகே காரை நிறுத்திக் கமக்காரரோடு கதைப்பார். பருத்தி விலை வீழ்ந்து அவர்கள் படும் பாட்டைக் கண்டார். அங்கே தமது வீட்டுக்கு வந்த மின்கட்டணம் ஹைட் பார்க்கில் செலுத்தியதைப் போல் நான்கு மடங்காக இருந்தது கண்டு திகைத்தார். கிராமங்களுக்கு மின்சாரம் வழங்கும் திட்டத்தை 1935இல் அவர் தொடங்கியதற்கு அந்தச் சிறிய பற்றுச்சீட்டே வித்து என்று பின்னாளில் தாமே கூறினார். கால்கள் நன்றாக இருந்திருந்தால் ஹட்சன் கரைக் கனவான் அந்த ஏழைக் கிராமத்துக்கு வந்திருக்கவே மாட்டார். நோய்க்கு முன்னரும் பின்னரும் அவரை அறிந்த பிரான்ஸிஸ் பேர்க்கின்ஸ் அம்மையார், அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் பெண்மணி, நோய் அவருடைய அகந்தையைக் கரைத்து நெஞ்சை இளக்கியது என்று எழுதியிருக்கிறார்.

1928இல் மிகச் சிறிய பெரும்பான்மையோடு நியூயோர்க் மாநில ஆளுநரானார். 1930இல் மிகப் பெரும் பெரும்பான்மையோடு மீண்டும் வென்றார். இதற்கிடையில், 1929ஆம் ஆண்டு ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச்சந்தை சரிந்தது. தொழிற்சாலைகள் மூடின. 1930 முதல் 1933 வரை ஒன்பதாயிரம் வரையான வங்கிகள் நொடித்தன. உழைப்பாளர் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. 1932ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் 48 மாநிலங்களில் 42இல் ரூஸ்வெல்ட் வென்றார்.

தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்னர், ஜோர்ஜியாவிலுள்ள ஒகில்தோர்ப் பல்கலைக்கழகத்திலே அவர் ஆற்றிய உரை நோக்கத்தக்கது. ஒரு வழியைத் தெரிந்து அதனை முயன்று பாருங்கள். அது தவறினால் தவறென்று ஒளியாது ஒப்புக்கொண்டு இன்னொரு வழியை முயலுங்கள். எப்படியாயினும் முயலாது மாத்திரம் இருக்காதீர்கள் என்பது அதன் சாரம். பொருளியல் நூலில் படித்த கொள்கையன்று இது. ஏழாண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு சிகிச்சையாக, ஒவ்வொரு பயிற்சியாக, ஒவ்வொரு வகை ஊன்றுகோலாக முயன்று, தவறியதை விட்டு அடுத்ததைப் பற்றிய ஒருவருடைய அனுபவம் பேசுகிறது.

1933ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி மயாமி நகரில் ஒருவன் அவரை நோக்கிச் சுட்டான். குண்டு அவர்மீது படவில்லை. அருகிலிருந்த சிக்காகோ நகர மேயர் அன்ரன் சேர்மாக் காயமுற்றுப் பின்னர் இறந்தார். மார்ச் 4ஆம் திகதி, மகன் ஜேம்ஸின் கையைப் பற்றியபடி நடந்துவந்து ரூஸ்வெல்ட் பதவியேற்றார். அன்று பெரும்பாலான மாநிலங்களில் வங்கிகள் மூடிக்கிடந்தன. அஞ்ச வேண்டியது அச்சம் ஒன்றுக்கே என்று அவர் சொன்னபோது, அதனைச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது. நெருப்புக்கு அஞ்சித் தவழப் பழகியவர் அல்லவா?

உடனடியாக நாட்டின் வங்கிகள் எல்லாவற்றையும் தற்காலிகமாக மூடச் செய்தார். மார்ச் 9ஆம் திகதி காங்கிரஸ் ஒரே நாளில் அவசர வங்கிச் சட்டத்தை நிறைவேற்றியது. 12ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் வானொலியில் பேசினார். நேயர்களே, வானொலியின் வரலாற்றில் அந்த இரவுக்குத் தனியிடம் உண்டு. கோடிக்கணக்கான மக்கள் கேட்டிருந்தார்கள். நீங்கள் வங்கியில் வைக்கும் பணத்தை வங்கி இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. அதைத் தொழிலிலும் வீட்டுக்கடனிலும் முதலிடுகிறது. ஆகவே எல்லோரும் ஒரே நாளில் திருப்பிக் கேட்டால் எந்த வங்கியாலும் கொடுக்க இயலாது என்று, அயல்வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோல் விளக்கினார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கின. பணத்தை எடுக்க வரிசையில் நின்ற மக்கள், இப்போது அதைத் திரும்ப வைக்க வரிசையில் நின்றனர். பதுக்கிய பணத்தில் பாதிக்கு மேற்பட்டது இரண்டு வாரங்களுக்குள் வங்கிகளுக்குத் திரும்பியது.

'கணப்படுப்பு உரைகள்' என்று பெயர்பெற்ற இத்தகைய வானொலிப் பேச்சுக்களை 1944 வரை சுமார் முப்பது முறை அவர் நிகழ்த்தினார். வானொலிக்கு நடை தேவையில்லை. ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருப்பவர் நிற்கிறாரா, இருக்கிறாரா என்று எவரும் கேட்பதில்லை. குரல் மாத்திரமே வீடுதோறும் செல்கிறது. மேடையில் ஓரடி எடுத்துவைக்க உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தவர், வானொலியிலே கண்டம் முழுவதையும் ஒரே நொடியில் கடந்தார். தமக்கு எஞ்சியிருப்பது எது என்று அறிந்து அதனைப் பயன்படுத்தியதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை.

'புதிய ஏற்பாடு' என்னும் பொருள்படப் பெயரிடப்பட்ட அவருடைய திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ முப்பது இலட்சம் இளைஞர்கள் காடு வளர்க்கவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் வேலைக்கமர்த்தப்பட்டனர். டெனசி பள்ளத்தாக்கில் அணைகள் எழுந்தன. 1933இல் வங்கி வைப்புக்களுக்குக் காப்புறுதி வந்தது. 1935ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14ஆம் திகதி சமூகப் பாதுகாப்புச் சட்டம் கையொப்பமானது. முதியோருக்கு ஓய்வூதியமும் வேலையிழந்தோருக்கு உதவியும் உரிமையாயின. எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. கைத்தொழில் மீட்சிச் சட்டத்தை 1935இல் உயர்நீதிமன்றம் செல்லாதெனத் தீர்த்தது. நீதிபதிகளின் தொகையைக் கூட்டி நீதிமன்றத்தைத் தம் பக்கம் திருப்ப 1937இல் அவர் எடுத்த முயற்சியை அவர் கட்சியினரே எதிர்த்துத் தோற்கடித்தனர். அதே ஆண்டு பொருளாதாரம் மீண்டும் சரிந்தது. போர்க்கால உற்பத்தி வரும்வரை வேலையின்மை முற்றாக நீங்கவில்லை. ஆயினும் வழிகள் தவறியபோதெல்லாம் அவர் அடுத்ததைத் தேடினார் என்பதே மக்களுக்குத் தெரிந்தது. 1936இல் 48 மாநிலங்களில் 46 அவருக்கு வாக்களித்தன.

அவ்வாண்டு ஜூன் 27ஆம் திகதி இரவு பிலடெல்பியா நகர விளையாட்டரங்கில், சுமார் ஓர் இலட்சம் மக்கள் முன்னிலையில், வேட்பாளராவதற்குச் சம்மதம் தெரிவிக்க வந்தார். முதிய கவிஞர் எட்வின் மார்க்கம் நிற்பதைக் கண்டு கைகொடுக்கத் திரும்பினார். அந்தக் கணத்தில் கால்பட்டையின் பூட்டு விலகியது. நிலத்தில் விழுந்தார். பேச்சுத் தாள்கள் சிதறின. காவலர்கள் சூழ்ந்து மறைத்து, தூக்கி நிறுத்தி, பட்டையைப் பூட்டி, உடையைத் துடைத்தனர். மேடைக்குப் போகத் திரும்பியவர், கண்ணீரோடு நின்ற கவிஞரைக் கண்டு, நின்று, சிரித்து, முதலில் அவர் கையைப் பற்றினார். பின்னரே மேடையேறினார். அரங்கில் இருந்தவர்களிற் பெரும்பாலானோருக்கு இது நடந்ததே தெரியாது.

தெரியாதது ஏன்? இங்கேதான் இந்த வரலாற்றின் கசப்பான பக்கம் இருக்கிறது. அவருக்குப் போலியோ வந்தது நாடறிந்த செய்தி. அவரால் நடக்கவே இயலாது என்பது பலர் அறியாதது. சாதாரண சமையலறை நாற்காலியொன்றில் சக்கரம் பூட்டிச் செய்த நாற்காலியிலேதான் வெள்ளை மாளிகையில் அவர் நடமாடினார். அந்த நாற்காலியில் அவர் இருக்கும் புகைப்படங்கள் இன்று மிகச் சிலவே கிடைக்கின்றன. அவரைத் தூக்கி இறக்கும் காட்சியைப் படமெடுப்பதைக் காவலர்கள் தடுத்தனர். பத்திரிகையாளர் பலரும் அந்த வேண்டுகோளை மதித்தனர். மகனின் கையை இறுகப் பிடித்தபடி, இடுப்பை அசைத்து அசைத்து, இயல்பாக நடப்பவர்போலச் சிரித்துக்கொண்டு வரும் ஒரு நடையை அவர் பழகியிருந்தார். அந்தச் சிரிப்புக்குள்ளே எவ்வளவு வலி இருந்தது என்பதை அவரைத் தாங்கிய பிள்ளைகளே அறிவர்.

இது ஏமாற்று என்று சொல்வோர் உண்டு. காலத்தையும் நோக்க வேண்டும். ஊனமுற்ற பிள்ளையை வீட்டின் உள்ளறையில் மறைத்த காலம் அது. 1931இலேயே, அவர் உடல் ஜனாதிபதிப் பதவிக்குத் தகுமா என்று ஒரு சஞ்சிகை கேட்டு, வைத்தியர்களின் சான்று பெற்று வெளியிட்டது. நடக்க இயலாதவர் நாட்டை நடத்த இயலாது என்று எண்ணிய சமூகத்திடம் அவர் வாக்குக் கேட்க வேண்டியிருந்தது. மறைத்தது அவர், மறைக்க வைத்தது சமூகம். பழி யாருக்கு என்று கேட்டால் குறளே விடை சொல்கிறது.

பொருளாதார நெருக்கடியை அடுத்துப் போர் வந்தது. 1941ஆம் ஆண்டு ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரையோரம் கப்பலில் சேர்ச்சிலைச் சந்தித்தார். பிரித்தானியப் போர்க்கப்பலின் தளத்திலே, ஞாயிறு வழிபாட்டுக்காக, மகன் எலியட்டின் கையைப் பற்றி அடியடியாக நடந்து சென்றார். சக்கர நாற்காலியில் போயிருக்கலாம். போரிடும் நாட்டின் மாலுமிகள் பார்த்திருக்கையில் நடந்தே செல்ல அவர் விரும்பினார். டிசெம்பர் 7ஆம் திகதி பேர்ள் துறைமுகத்தை யப்பான் தாக்கியது; அமெரிக்கர் 2,403 பேர் மாண்டனர். மறுநாள் காங்கிரஸ் முன் நின்று அவர் பேசியது சில நிமிடங்களே. ஒரு மணி நேரத்துக்குள் போர்ப் பிரகடனம் நிறைவேறியது.

தலைவரைப் போற்றும்போது தவறையும் சொல்வது வரலாற்றின் கடமை. 1942ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் திகதி அவர் ஒப்பமிட்ட கட்டளையினால், யப்பானிய வம்சாவழியினர் சுமார் 1 இலட்சத்து 20 ஆயிரம் பேர் வீடுவாசலை விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கப் பிரசைகள். அவர்கள்மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. 1988இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு நட்டஈடும் வழங்கியது. வோர்ம் ஸ்பிறிங்ஸ் நிலையமும் அந்நாளில் வெள்ளையருக்கு மாத்திரமே திறந்திருந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கான சிகிச்சை நிலையம் ரஸ்கீகீ என்னுமிடத்தில் 1941இலேதான் உருவாயிற்று. துன்பம் ஒருவரின் நெஞ்சை விரிக்கும். ஆயினும் எல்லாத் திசையிலும் அது தானாக விரிந்துவிடுவதில்லை.

1944ஆம் ஆண்டு ஜூலையில் அவர் ஹவாய்த் தீவுக்குச் சென்றார். அங்கே ஒரு வைத்தியசாலையில், கை கால்களை இழந்த போர்வீரர்கள் இருந்த விடுதிகளைப் பார்வையிட்டார். ஒவ்வொரு கட்டிலையும் தாண்டித் தம்மைச் சக்கர நாற்காலியில் மெதுவாகத் தள்ளிச் செல்லுமாறு காவலரைப் பணித்தார். இருபத்து மூன்று ஆண்டுகளாக உலகத்துக்கு மறைத்து வந்த சூம்பிய கால்களை அந்த இளைஞர்களுக்கு மாத்திரம் அவர் மறைக்கவில்லை. கூடச் சென்ற சாமுவேல் றோசன்மன் இதனை எழுதி வைத்திருக்கிறார். அன்று அவர் அங்கே அறிவுரை எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாட்டின் தலைவன் தங்களைப் போலவே நாற்காலியில் வருகிறான் என்பதே போதுமானதாயிற்று.

1945ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் திகதி, யால்டா மாநாட்டிலிருந்து திரும்பிக் காங்கிரஸில் உரையாற்றினார். முதன்முறையாக நிற்காமல் அமர்ந்தபடியே பேசினார். இருந்து பேசுவதற்குப் பொறுத்தருள வேண்டும். கால்களின் அடியில் சுமார் பத்து இறாத்தல் உருக்கைச் சுமந்து நிற்காமல் இருப்பது எனக்கு எவ்வளவோ இலகுவாயிருக்கிறது என்ற பொருள்பட ஒரு வார்த்தை சொன்னார். காங்கிரஸ் மன்றத்தில் தம் கால்களைப் பற்றி அவர் அவ்வாறு பேசியதை எவரும் முன்னர் கேட்டதில்லை. ஆறு வாரங்கள் கழித்து, ஏப்ரல் 12ஆம் திகதி, வோர்ம் ஸ்பிறிங்ஸில், மூளையில் இரத்தம் கசிந்து காலமானார். வயது அறுபத்து மூன்று. ஒரு மாதத்துக்குள் ஜேர்மனி சரணடைந்தது.

அவருடைய முயற்சி அவரோடு முடியவில்லை. 1938இல் அவர் நிறுவிய இளம்பிள்ளைவாதத் தேசிய நிதியத்துக்குப் பத்துச் சத நாணயம் ஒன்றை அனுப்புங்கள் என்று வானொலியில் கேட்டபோது, வெள்ளை மாளிகைக்கு இருபத்தாறு இலட்சத்துக்கு மேற்பட்ட நாணயங்கள் வந்து குவிந்தன. 1946இல் அந்த நாணயத்தில் அவருடைய முகமே பொறிக்கப்பட்டது. அவ்வாறு சேர்ந்த பணம் வைத்தியர் ஜோனாஸ் சோல்க்கின் ஆய்வுக்கு உதவியது. தடுப்பு மருந்து பயனுடையது என்ற அறிவிப்பு வெளியான நாள் 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 12. ரூஸ்வெல்ட் இறந்து சரியாகப் பத்தாண்டுகள். தடுப்பு மருந்தின் பயனை நாமும் அடைந்தோம். 1993ஆம் ஆண்டின் பின்னர் இலங்கையில் போலியோ நோயாளர் பதிவானதில்லை; 2014இல் தென்கிழக்காசியப் பிராந்தியமே போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

1997ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி வாஷிங்டனில் அவருக்கு நினைவாலயம் திறக்கப்பட்டது. அங்கு வைத்த பெருஞ்சிலையில் நீண்ட மேலங்கி நாற்காலியை மூடியிருந்தது. சக்கரத்தைக் காண வேண்டுமானால் பின்புறம் போய்த் தேட வேண்டும். ஊனமுற்றோர் அமைப்புகள் கிளர்ந்தெழுந்தன. உயிரோடிருந்தபோது அவர் மறைக்க நேர்ந்தது. இறந்த பின்னருமா மறைக்க வேண்டும் என்று கேட்டன. பதினாறரை இலட்சம் டொலர் திரட்டின. 2001ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி, சக்கர நாற்காலியில் வெளிப்படையாக அமர்ந்திருக்கும் ரூஸ்வெல்ட்டின் சிலை அந்த ஆலயத்தின் நுழைவிடத்தில் திறந்து வைக்கப்பட்டது. முடிவில்லாத பொறுமையையும் ஓயாத விடாமுயற்சியையும் நோயே அவருக்குக் கற்பித்தது என்ற கருத்தமைந்த எலியனோரின் வார்த்தைகள் அங்கே சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன.

அச்சிலைக்கு உயர்ந்த பீடம் இல்லை. நிலமட்டத்திலேயே இருக்கிறது. சக்கர நாற்காலியில் வரும் ஒரு சிறுவன் அதன் அருகே போய், தலையை அண்ணாந்து பாராமல், நேருக்கு நேர் பார்க்கலாம். கை நீட்டி அந்தச் சக்கரத்தைத் தொடலாம். பொறி இல்லாமை பழியன்று என்று வள்ளுவர் சொன்னதை நம்ப உலகத்துக்கு நெடுங்காலம் பிடித்திருக்கிறது. நம்பியவர்களாக நாம் நடந்துகொள்கிறோமா என்பதே இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி.